கரிச்சானின் வெள்ளைப் பொட்டு

பகடை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர்களுக்குச் சகுனியின் ஞாபகம் வந்துவிடுகிறது. நாடு போயிற்று, நகரம் போயிற்று, தம்பிமாரும் போயினர் என்று பாட்டி சொன்ன கதை காதில் ஒலிக்கத் தொடங்கிவிடுகிறது. சனிக்கிழமை இரவுகளில் நம் சங்க அறையிலிருந்து பகடை உருளும் சத்தம் கேட்பதாகவும், நடுநடுவே “செத்தான்!” என்று யாரோ கூவுவதாகவும் சில அன்பர்கள் காரியதரிசியிடம் கவலையோடு விசாரித்தார்களாம். ஆகையால் முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே பணம் வைத்து ஆடுவதில்லை. எங்கள் பகடைக்கு ஆறு முகமல்ல, இருபது முகம். செத்தவன் பெரும்பாலும் ஏதாவது ஒரு பூதமாக இருப்பான்.

விளையாட்டின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவில் 1974 ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் மூன்று சிறு புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு வெளியிட்டார்கள். அதிலிருந்து வளர்ந்தது இது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் புகுந்து நடமாடுவார்கள். “எதிரே ஒரு குகை. உள்ளேயிருந்து புகை வருகிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று நான் கேட்பேன். “உள்ளே போகிறேன்” என்பார் ஒருவர். “எனக்கு ஊரில் வேலை இருக்கிறது” என்பார் இன்னொருவர். முடிவு சந்தேகமாக இருக்கும் இடத்தில் மட்டும் பகடைக்கு வேலை. விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணைக் கூட்டிப் பார்ப்போம். பகைவனின் கவச எண்ணை எட்டினால் அடி விழுந்தது, எட்டாவிட்டால் காற்றை வெட்டியதோடு சரி.

நாங்கள் ஆடுவது 2014 இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளை வைத்து. 2024 இல் திருத்திய விதிநூல் வந்துவிட்டது, வாஸ்தவம். அதன் விலையைப் பார்த்த பிறகு பழைய நூலின் குறைகளெல்லாம் எங்களுக்கு அழகாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டன. புத்தகம் இருப்பது ஆங்கிலத்தில். ஆட்டம் நடப்பது தமிழில். வாரம் முழுவதும் வகுப்பில் ஆங்கிலமும் கடைத்தெருவில் அரைகுறை இந்தியுமாகப் பேசி நாக்கு உலர்ந்து போனவர்களுக்கு, ஒரு பூதத்தைத் தாய்மொழியில் திட்டக் கிடைக்கும் சந்தர்ப்பம் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல.

கதை நடத்துவது அடியேன். ஆடுகிறவர்கள் நால்வர். வேதியியலில் ஆராய்ச்சி செய்யும் அக்கா, நோய் தீர்க்கும் பூசாரி. சட்டம் படிக்கும் நண்பர் திருடன். பொருத்தம் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. புள்ளியியல் நண்பர் மந்திரவாதி. நான்காமவர் போன ஆண்டு ஜூலையில் இயற்பியல் படிக்க வந்து சேர்ந்த ஒரு தென்பாண்டித் தம்பி, அவர் வேடன். இந்தக் கட்டுரை அந்த வேடனின் கோடாலியைப் பற்றியது.

தம்பி வந்த புதிதில் அவர் வாய் திறந்து பேசியதைக் கண்டவர்கள் கிடையாது. உணவுக்கூடத்தில் ரொட்டியை உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ரொட்டியும் அவரை உற்றுப் பார்க்கும். அக்காதான் அவரை இழுத்து வந்து மேசையில் உட்கார வைத்தார். விதிப்படி வேடனுக்கு ஒரு வில்லும், இரண்டு கைக்கோடாலிகளும் எடுத்துக்கொள்ள உரிமை உண்டு. வில்லை அவர் தொட்டதாக எனக்கு நினைவில்லை. கோடாலி ஒன்று முதல் நாளே ஆற்றோடு போயிற்று. மற்றதை வைத்துக்கொண்டு அன்று மாலை முழுவதும் பேசாமல் நடந்து வந்தார்.

அன்றைய ஆட்டத்தின் முடிவில் ஒரு மலைப்பூதம் பூசாரியை மடக்கிவிட்டது. அடுத்த அடியில் அக்காவின் கதை முடிந்துவிடும் என்ற நிலை. அப்போது தம்பி மெல்லிய குரலில், “எறியுறேன்” என்றார். பகடை உருண்டு, கேரம் பலகையில் மோதி, இருபதைக் காட்டி நின்றது. இருபது விழுந்தால் அடி நிச்சயம். அதுவும் இரட்டை அடி. பூதம் சாய்ந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் வெளியே காவல்காரர் எட்டிப் பார்த்தார். கூச்சல் அடங்கிய பிறகு தம்பி சொன்னார்: “எங்க ஊர்ல கரிச்சான்னு ஒரு குருவி உண்டு அண்ணே. இத்தனூண்டுதான் இருக்கும். பருந்து வந்தா அதையே துரத்தித் துரத்திக் கொத்தும். இதுக்குக் கரிச்சான்னு பேரு வைக்கலாமா?”

நாங்கள் அறிந்தவரையில் அவர் இந்த ஊரில் பேசிய முதல் நீண்ட பேச்சு அதுதான். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அவருடைய காகிதத்தில் ‘கைக்கோடாலி’ என்ற சொல்லை அழித்துவிட்டுக் ‘கரிச்சான்’ என்று பென்சிலால் எழுதினார்.

இனித்தான் சங்கடம். கதையில் பாத்திரங்கள் வளர வளரப் பகைவர்களும் வளர வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டம் உப்புச்சப்பில்லாமல் போய்விடும். கைக்கோடாலியோ ஐந்து பொன் விலையுள்ள எளிய ஆயுதம். அதன் அடிக்கு ஒரு சாதாரண ஆறுமுகப் பகடைதான் அளவு. நான்காம் படிக்கு எங்கள் கோஷ்டி வந்து சேர்ந்தபோது, செத்துப்போன ஓர் அரசனின் ஆயுதசாலையில் பெரிய போர்க்கோடாலி ஒன்று கிடைத்தது. அதன் அடிக்குப் பன்னிரண்டு முகப் பகடை. அதற்கு மேல் மந்திர பலமாகப் ‘பிளஸ் ஒன்’ வேறு. அதாவது குறி பார்ப்பதிலும் ஒன்று கூடும், அடியிலும் ஒன்று கூடும். எல்லோரும் ஒரே குரலில், “தம்பி, எடுத்துக்கொள்” என்றார்கள். தம்பி தலையை ஆட்டிவிட்டார்.

புள்ளியியல் நண்பர் விடுவாரா? காகிதத்தை எடுத்தார். பதினொன்றும் அதற்கு மேலும் விழுந்தால் அடி படும் பகைவன் என்று வைத்துக்கொள். வேடனின் வலிமைக்கு மூன்று. கைக்கோடாலியின் சராசரி அடி ஆறரை. பாதி வீச்சுகள் வீண். ஆக ஒரு வீச்சுக்கு 3.25. போர்க்கோடாலிக்குச் சராசரி பத்தரை, நூற்றுக்கு ஐம்பத்தைந்து வீச்சு படும், ஆக 5.775. “இருபது விழுந்தால் வருகிற இரட்டை அடியைக் கூடச் சேர்க்கவில்லை” என்று அடிக்குறிப்பும் போட்டார். மந்திர ஆயுதம் அல்லாதவற்றால் பாதி அடியே படும் பகைவர்கள் 2014 நூலில் ஏராளம். அவர்கள் முன்னால் கரிச்சான் 1.625 தான். “மூன்றரை மடங்கு வித்தியாசம்ப்பா! இதுல யோசிக்க என்ன இருக்கு?”

தம்பி கணக்கைக் கவனமாகப் படித்தார். சரிதான் என்று ஒப்புக்கொண்டார். போர்க்கோடாலியைச் சுவரிலேயே மாட்டிவிட்டு நடந்தார்.

இந்த இடத்தில் எனக்குப் புறநானூற்றின் 95 ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்துச் சொன்னதை நீங்களும் பள்ளியில் படித்திருப்பீர்கள். இவனுடைய ஆயுதங்கள் மயிலிறகும் மாலையும் சூடிக் காவலோடு பளபளக்கின்றன. அவனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்ந்தது யாரை என்று அரசனுக்குப் புரிந்திருக்கும். தம்பி அந்தப் பாட்டை நினைத்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. கேட்டுப் பார்த்தேன், “அது எறிய வராது அண்ணே” என்று மட்டும் சொன்னார். அதுவும் நியாயம்தான். போர்க்கோடாலியை எறிய முடியாது. அவருக்கு எறிய வேண்டும். எறிந்த பிறகு பகைவர் நடுவே ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வரவேண்டும்.

அதற்குப் பிறகு ஓநாய் மனிதர்கள் வந்தார்கள். அவர்களைச் சாதாரண இரும்பு ஒன்றும் செய்யாது. மந்திர ஆயுதம் வேண்டும், அல்லது வெள்ளி பூசிய ஆயுதம் வேண்டும். நூறு பொன் கொடுத்தால் ஓர் ஆயுதத்துக்கு வெள்ளி பூசிக்கொள்ளலாம் என்று விதிநூலிலேயே இருக்கிறது. ஊர்க் கிழவி இதை இரண்டு முறை எடுத்துச் சொன்னாள். கோஷ்டியிடம் பொன்னும் இருந்தது. திருடன் தன் கத்திக்கு வெள்ளி பூசிக்கொண்டான். வேடன் மட்டும் மறுத்துவிட்டான். காரணம் கேட்டபோது தம்பி சொன்ன பதில் எங்கள் சங்க வரலாற்றில் இடம்பெற வேண்டியது: “வெள்ளி பூசினா வெள்ளையாப் போயிடுமே அண்ணே. கரிச்சான் கறுப்பாத்தானே இருக்கணும்?”

சிரித்தோம். இரவு ஒன்பது மணிக்கு யாரும் சிரிக்கவில்லை. மூன்று ஓநாய் மனிதர்கள், பூசாரி நினைவிழந்து கிடக்கிறாள், திருடன் கூரைமேல். மந்திரவாதிமேல் பாய்ந்தவனைக் குறிபார்த்து வேடன் கரிச்சானை எறிந்தான். பட்டது. பதினேழு விழுந்து நன்றாகவே பட்டது. காயம் மட்டும் ஏற்படவில்லை. மந்திரவாதி விழுந்தான். உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்கு வந்தவர், தம் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையைத் தாமே உருட்ட வேண்டும். பத்தும் அதற்கு மேலும் பிழைப்பின் பக்கம், பத்துக்குக் கீழே சாவின் பக்கம். எது முதலில் மூன்றாகிறதோ அதுதான் முடிவு. நண்பர் உருட்டினார். ஏழு. நான்கு. ஒன்பது.

ஆறு மாதமாக வளர்த்த பாத்திரம். இது வெறும் காகிதம், வெறும் பகடை என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றலாம். சீட்டாட்டத்தில் தோற்றவன் சீட்டைக் கலைத்து மறுபடியும் போடுவான். இங்கே செத்தவன் செத்தவன்தான். நண்பர் பகடைகளைப் பையில் போட்டுச் சுருக்கை இழுத்தார். “உன் குருவிக்குப் பொட்டு வைக்க மாட்டேன்னே, என் உயிர் போச்சு” என்று தம்பியைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்து போனார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. தம்பி வந்தார், பழையபடி பேச்சில்லை. உணவுக்கூடத்தில் இருவரும் வெவ்வேறு மேசைகளில் உட்கார்ந்தார்கள். ஐந்தாறு தமிழர்கள் உள்ள ஒரு விடுதியில் இரண்டு மேசை ஆகிவிட்டால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம் அன்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தம்பி ஆட்டத்தை விட்டுவிடுவார் என்றே அக்கா நினைத்தார். ஆட்டத்தை விட்டால் இந்த ஊரையே விட்டுவிடுவாரோ என்றும் அவருக்குப் பயம். ஆகவே இந்தக் கோடாலியை எப்படியாவது உயர்த்தித் தரவேண்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். “கதை உங்க கையில்தானே இருக்கு? ஒரு தேவதை வந்து வரம் கொடுத்தா ஆச்சு!”

தேவதையை வரவழைப்பது எனக்குப் பெரிய காரியமல்ல. நான் யோசித்தது வேறு. ஒருவருடைய பிரியமான ஆயுதத்தை உயர்த்துவதற்கு ஐம்பது ஆண்டுகளாக எத்தனையோ வழிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1974 பெட்டியிலேயே சில மந்திர வாள்களுக்கு அறிவும் அகம்பாவமும் உண்டு. பிடித்தவனையே வாள் ஆட்டிவைக்கும். 2000 ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் எல்லாம் விலைப்பட்டியல்: பிளஸ் ஒன்னுக்கு 2000 பொன், டூவுக்கு 8000, த்ரீக்கு 18000, வித்தியாசத்தைக் கட்டினால் உள்ளதையே உயர்த்திக்கொள்ளலாம். நகைக்கடையில் பழைய நகையைப் போட்டுப் புதிது வாங்குவதைப் போலச் சௌகரியமான ஏற்பாடு. அந்த அளவுக்குத்தான் சுவாரசியமும். 2019 இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் மந்திர எழுத்துகளை ஓர் ஆயுதத்திலிருந்து எடுத்து இன்னொன்றில் பொறித்துக்கொள்ளலாம். இந்த வழியில் போர்க்கோடாலியின் பலத்தைக் கரிச்சானுக்கு மாற்றியிருக்கலாம், கெட்டிக்கார ஏற்பாடுதான். 2020 இல் வந்த வைல்ட்மவுண்ட் நூலில் ஆயுதம் உறங்கிக் கிடந்து, விழித்து, பிறகு உன்னத நிலையை அடைகிறது. இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 1993 இல் வந்த எர்த்டான் என்ற வேறொரு விளையாட்டின் வழி. அங்கே ஆயுதத்தின் பெயர், செய்தவர் யார் என்பன போன்ற அதன் வரலாற்றைத் தேடி அறிந்தால்தான் அதன் அடுத்த பலம் வசப்படும்.

ஆனால் ஐந்து பொன் கோடாலிக்கு என்ன வரலாறு? பழைய சக்கரவர்த்தி ஒருவன் கையில் இருந்தது என்று கட்டிவிடலாம். தம்பிக்கு அது பிடிக்காது என்று எனக்கு உறுதியாகத் தெரியும். சக்கரவர்த்தியின் கோடாலியை அவர் ஏற்கெனவே சுவரில் மாட்டிவிட்டு வந்தவர் அல்லவா?

இதற்கிடையில் நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். தம்பி ஒரு நாள் இரவு புள்ளியியல் நண்பரின் அறைக் கதவைத் தட்டியிருக்கிறார். கையில் பாத்திரக் காகிதமும் ஓர் அழிப்பானும். “நீங்களே அழிச்சிடுங்க அண்ணே. நான் பெரிய கோடாலியே எடுத்துக்கிடுதேன்” என்று மேசைமேல் வைத்துவிட்டு நின்றாராம். நண்பர் அழிப்பானை எடுத்திருக்கிறார். எடுத்தவர் ஏதோ தோன்றிக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

பின்பக்கம் முழுவதும் பொடி எழுத்தில் கரிச்சானின் நாட்குறிப்பு. “பூதம். அக்காவைக் காப்பாற்றியது. மந்திரவாதி அண்ணன் முதலில் புகை போட்டார், அதனால்தான் கிட்டப் போக முடிந்தது.” “எலிக் குகை. இருட்டு. மந்திரவாதி அண்ணன் கோடாலியிலேயே விளக்கு ஏற்றினார்.” “கிணற்றில் விழுந்துவிட்டது. மந்திரவாதி அண்ணன் மந்திரக் கையை விட்டு எடுத்துத் தந்தார்.” “பாலம். கயிற்றை வெட்டியது. நாங்களும் பாலத்தில் இருந்தோம். அக்கா திட்டினார்.” மொத்தம் பதினான்கு குறிப்புகள், ஒன்பதில் மந்திரவாதி அண்ணன் இருந்தார். கடைசிக் குறிப்பில் ஒரே வரி: “ஓநாய். பட்டது. ஒன்றும் ஆகவில்லை.”

கணக்குப் பிரியரான நண்பர் பதினான்குக்கு ஒன்பது என்பதைக் கவனிக்காமல் இருப்பாரா? அழிப்பானைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்தார். இரண்டு பேரும் தேநீர் குடிக்கப் போனார்களாம். என்ன பேசினார்கள் என்று இருவரும் சொல்வதில்லை.

மூன்றாம் சனிக்கிழமை நண்பர் வந்தார். புதுப் பாத்திரம் ஒன்றை எழுதி எடுத்து வந்திருந்தார்: உலைக்களத் தெய்வத்தை வழிபடும் ஒரு கொல்லன். 2017 இல் வந்த சனதார் நூலில் இந்த வகைப் பூசாரிக்கு ஓர் அருமையான சக்தி உண்டு. இரவு ஓய்வு முடிந்து எழும்போது, மந்திரமில்லாத ஓர் ஆயுதத்தையோ கவசத்தையோ தொட்டு ஆசீர்வதித்தால், அடுத்த ஓய்வு முடியும்வரை அதற்குப் பிளஸ் ஒன் பலம் வரும். மந்திர ஆயுதமாகவும் கணக்காகும். கொல்லன் செத்தால் பலமும் போய்விடும். ஆக, அந்தக் கோடாலியைச் சுவரில் மாட்டச் சொன்ன அதே ஆசாமி அன்று முதல் கதையில் ஒவ்வொரு பொழுது விடியும்போதும், “கொண்டா அந்தப் பறவையை” என்று கையை நீட்ட ஆரம்பித்தார்.

வெள்ளி விவகாரத்தைத் தீர்த்து வைத்தது அக்கா. கைபேசியில் கரிச்சானின் படம் ஒன்றைப் பெரிதாக்கித் தம்பியின் முகத்துக்கு நேரே நீட்டினார். “உங்க ஊர்க் குருவியை நீயே சரியாப் பார்த்ததில்லையா? இதோ பார், வாயோரத்துல.” உண்மைதான். உடம்பெல்லாம் கன்னங்கறுப்பாக இருக்கும் கரிச்சானுக்கு அலகு தொடங்கும் இடத்தில் சின்னஞ்சிறிய வெள்ளைப் பொட்டு ஒன்று உண்டு. தம்பி வெகுநேரம் பார்த்தார். பிறகு, “அப்ப, வெட்டுவாயில மட்டும் பூசிக்கிடலாம் அண்ணே” என்றார். எவ்வளவு பரப்பில் வெள்ளி பூச வேண்டும் என்று விதிநூல் சொல்லவில்லை. நூறு பொன்னை வாங்கிக்கொண்டு கொல்லன் வெட்டுவாயில் வெள்ளி பூசினான். உடல் கறுப்பு, ஓரம் வெள்ளை.

பிடியும் மாறியது. அது கொல்லன் கேட்டது. செத்த மந்திரவாதியின் ஊன்றுகோலைப் பூசாரி அதுவரை சுமந்து வந்திருந்தாள். அதை வெட்டிப் பிடியாக்கிக் கோடாலிக்குச் செருகினார்கள். வெட்டும்போது நண்பர், “ஏழரை அங்குலம் விட்டு வெட்டு, மேல் முடிச்சு அப்படியே இருக்கட்டும்” என்று அளவு சொன்னார். இல்லாத கோல், இல்லாத மரம். ஐந்து பேரும் அவர் விரல் காட்டிய இடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதற்குப் பிறகு என் வேலை சுலபமாகிவிட்டது. ஆறாம் படியில், தினந்தோறும் பெற்ற ஆசீர்வாதம் இரும்பிலேயே ஊறிவிட்டது என்று அறிவித்தேன். பிளஸ் ஒன் நிரந்தரமாயிற்று. ஒன்பதாம் படியில் பிளஸ் டூ. “கோடாலி பிளஸ் டூ பாஸ்! அடுத்தது எந்தக் காலேஜ்?” என்று சட்ட நண்பர் ஆரம்பித்தது இன்னும் ஓயவில்லை. எண்ணோடு ஒரு குணமும் சேர்க்க வேண்டியிருந்தது. அதற்குக் காகிதத்தின் பின்பக்கத்தை வாங்கிப் படித்தேன். பதினான்கு இப்போது முப்பதைத் தாண்டியிருந்தது. அதிகமாகக் காணப்பட்ட காரியம் ஒன்றுதான்: பெரிய உருவம் ஒன்று நம்மவர் ஒருவரை அடிக்கப் போகும் சமயத்தில் குறுக்கே எறிந்தது. ஆகவே இப்படி விதித்தேன். தன்னைவிட உருவில் பெரிய பகைவன் மேல் கரிச்சான் பட்டால், அந்தப் பகைவன் தன் அடுத்த அடிக்கு இரண்டு பகடைகளை உருட்டிக் குறைந்ததையே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு சண்டைக்கு ஒரு தடவை. பருந்தைக் கொத்தும் குருவி வேறென்ன செய்யும்?

எறிந்தால் தானே கைக்குத் திரும்பி வரும் சக்தியையும் தரத் தயாராக இருந்தேன். எறிகிற ஆயுதத்துக்கு எல்லோரும் முதலில் கேட்கும் வரம் அதுதான். விதிநூலில் குள்ளர்களின் சம்மட்டி ஒன்றுக்கு இது உண்டு. தம்பியிடம் முன்கூட்டியே கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். “வேண்டாம் அண்ணே. தானா வந்துட்டா, நான் ஓடிப்போய் எடுக்குறது இல்லாமப் போயிடும்லா?” மற்றவர்களும் அவர் பக்கம் பேசினார்கள். கோடாலியை எடுக்க ஓடும் வேடனைக் காப்பாற்றுவதற்காகவே பூசாரியும் திருடனும் கற்று வைத்திருக்கும் தந்திரங்கள் பல. அவற்றை இழக்க அவர்களுக்கும் மனமில்லை. கேளாமல் கொடுத்திருந்தால் கோடாலி உயர்ந்திருக்கும், ஆட்டம் இறங்கியிருக்கும்.

திருடனின் கத்திக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். சட்ட நண்பர் அதைக் கேட்டு எனக்கு மனுவே எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருக்கும் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். இதுவரை அவர் எழுதியதெல்லாம் யாரிடமிருந்து என்ன எடுத்தார் என்ற பட்டியல்தான். அதிலிருந்து என்ன செய்ய முடியும் என்று பார்க்கலாம்.

புள்ளியியல் நண்பர் சும்மா இருக்கவில்லை. பழைய கணக்கையே எடுத்துப் பிளஸ் டூ கரிச்சானைப் போட்டுப் பார்த்தார். சராசரி எட்டரை; நூற்றுக்கு அறுபது; ஒரு வீச்சுக்கு 5.1. சுவரில் மாட்டிய போர்க்கோடாலிக்கு அன்றைக்கே 5.775. இத்தனை வெள்ளி, இத்தனை ஆசீர்வாதம், ஒரு மந்திரவாதியின் ஊன்றுகோல் எல்லாம் சேர்ந்தும் இன்னும் குறைவுதான் என்று சங்க அறைப் பலகையில் எழுதி வைத்தார். கீழே தம்பி பென்சிலால், “அது எறிய வராது” என்று எழுதியிருக்கிறார். பலகையைத் துடைக்க வேண்டாம் என்று காரியதரிசியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

போன சனிக்கிழமை ஒரு மலை அரக்கன். பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு கொல்லன்மேல் பாறையை வீசப் போனான். வேடன் எறிந்தான், பதினான்கு, பட்டது. அரக்கனுக்காக நான் உருட்டிய இரண்டு பகடையில் ஒன்று பத்தொன்பது, மற்றது மூன்று. பாறை எங்கோ போயிற்று. கொல்லன் பிழைத்தான். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. தம்பியின் தட்டில் தம் பங்கு முறுக்கை எடுத்து வைத்தார். அதற்குள் மணி பத்தாகிவிட்டது. காவல்காரர் விளக்கை அணைக்க வந்துவிட்டார். அரக்கன் இன்னும் சாகவில்லை. கரிச்சான் அவன் காலடியில் கிடக்கிறது. பாலத்தின் கயிற்றை அதற்குச் சற்று முன்புதான் நாங்களே வெட்டியிருந்தோம். இந்தச் சனிக்கிழமை எட்டு மணிக்கு எப்படியாவது அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். மேசையில் இன்னும் ஒருவருக்கு இடமிருக்கிறது. வருகிறவர்கள் ஒரு பென்சில் கொண்டு வந்தால் போதும்.